வீட்டில் துப்பாக்கி இருக்கலாமா? ஒரு அம்மாவின் கேள்விக்கு

உங்கள் கேள்வியை மற்றவர்களும் படிக்க வசதியாக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். உங்களுக்குத்தான் பயம். வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி வந்துவிட்டால் அதை எப்படிப் பாதுகாப்பாக வைத்திருப்பது, லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அதோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: சாதாரண மனிதருக்கு ஒரு லைசென்ஸ் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் நாட்டில் ஷூட்டிங் வீரர்களுக்கு மட்டும் பன்னிரண்டு துப்பாக்கி வரை அனுமதி என்பது நியாயமா?

இவை இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு “இது விளையாட்டு” என்று சொல்பவர்களை நம்பலாமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். நான் 22 வருடமாகக் கோவைப் பக்கம் பிள்ளைகளுக்கு ரைஃபிளும் பிஸ்டலும் சொல்லித்தருகிறேன். போட்டிகளில் சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் அதிகாரியாகவும் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றி எழுதியிருப்பதை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பம் போடும் சமயத்தில் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மகள் தொடங்கப் போவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். பெய்ஜிங்கில் 2008ஆம் ஆண்டு அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அதே போட்டி. நம் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதுதான். இதில் வெடிமருந்து கிடையாது, அழுத்திய காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. குண்டு 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட். எடை அரை கிராமுக்குச் சற்று மேல், வேகம் நொடிக்குச் சுமார் 170 மீட்டர். கணக்குப் போட்டால் ஏழரை ஜூல் அளவு சக்தி வரும். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் போகாத, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேல் போகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் ரைஃபிள் அந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது. ஆகவே லைசென்ஸ் பற்றிய கவலை இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. சொந்தமாக வாங்க வேண்டும் என்றும் இல்லை. முதல் ஒரு வருடம் கிளப் துப்பாக்கியிலேயே சுடட்டும். வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் போகிறது. பத்தில் ஆறேழு பிள்ளைகள் ஒரு வருடத்துக்குள் வேறு விளையாட்டுக்கோ டியூஷனுக்கோ போய்விடுகிறார்கள். இது என் சொந்தக் கணக்கு, புள்ளிவிவரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்ற அந்த ஒரு வரியைப் பெற்றோர்கள் தவறாகப் புரிந்துகொள்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். லைசென்ஸ் வேண்டாம் என்றால் பொம்மை என்று அர்த்தமில்லை. ஏழரை ஜூல் கண்ணைப் பறிக்கப் போதும். கிட்டத்தில் தோலைத் துளைக்கும். சில வருடங்களுக்கு முன் எங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒரு நல்ல மாணவன், மாவட்டப் போட்டியில் பதக்கம் வாங்கியவன், பயிற்சி முடிந்து ஏர் பிஸ்டலில் வெறும் விசை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தான். குண்டில்லாமல் சுட்டுப் பழகுவது எங்கள் பயிற்சியில் அன்றாடம் நடப்பதுதான். கடைசிச் சுற்றில் போட்ட பெல்லட் ஒன்று உள்ளேயே இருந்திருக்கிறது. டீ குடிக்கும் இடத்துக்கு மேலே மாட்டியிருந்த குழுப் புகைப்படத்தின் கண்ணாடி சிதறியது. ஆள் நின்றால் தலை இருக்கும் உயரம் அது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவனை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது, கூடத்தில் இருந்த பெரியவன் நான்தான். அந்த உடைந்த கண்ணாடியை இரண்டு வருடம் மாற்றாமல் வைத்திருந்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதல் நாள் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன்.

அதனால்தான் ரேஞ்சில் நடப்பதெல்லாம் வெளியாட்களுக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றும். “லோட்” என்று சொல்லும் வரை குண்டு போடக் கூடாது. “ஸ்டார்ட்” வரும் வரை சுடக் கூடாது. “ஸ்டாப்” என்று கேட்டால் பாதி மூச்சில் இருந்தாலும் விரலை எடுத்துவிட வேண்டும், முடித்துவிட்டு நிறுத்துகிறேன் என்ற பேச்சே கிடையாது. சுடாத நேரமெல்லாம் குழலின் உள்ளே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் சேஃப்டி ஃப்ளாக் என்ற இழை செருகியிருக்க வேண்டும். துப்பாக்கி காலி என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக அது. குழலின் முனை எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். இதை மீறினால் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் போட்டியிலிருந்து வெளியேற்றலாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள பொட்டு. அதைத் தொட அறுபது முறை மனதை அடக்கி நிற்கும் பிள்ளைக்கு இந்த ஒழுங்கும் உடம்பில் ஊறிவிடுகிறது. ஊறாத பிள்ளைகளும் உண்டு, அவர்களை நாங்கள்தான் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், கேட்டால் அற்பமாகத் தெரியலாம். பெல்லட் ஈயம். தொட்ட கையோடு பிஸ்கட் சாப்பிடக் கூடாது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். அப்புறம், காற்று நிரப்பும் சிலிண்டரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. உள்ளே 200 பார் அழுத்தம் இருக்கிறது. தயாரித்து பத்து வருடம் ஆன சிலிண்டரைப் போட்டிகளில் அனுமதிக்கவும் மாட்டார்கள். பழைய ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள்.

ஏர் கன் பற்றி இன்னொரு வருத்தம். கடையில் சுலபமாகக் கிடைப்பதால் குளத்தங்கரையில் கொக்கும் புறாவும் சுட எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவையைச் சுடுவது குற்றம், துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அது குற்றமில்லாமல் போகாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் மக்கள் தாங்களாகவே ஏர் கன்களை ஒப்படைக்கும் இயக்கம் ஒன்று தொடங்கியது, அதற்குக் காரணமும் காட்டுப் பறவைகள்தான். மகள் சுட ஆரம்பித்ததும் கிராமத்திலிருந்து வரும் மாமாவோ சித்தப்பாவோ “கொண்டு வாம்மா, தோப்பில் சுட்டுப் பார்ப்போம்” என்பார்கள். அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள். பின்னால் சுவரோ மண்மேடோ இல்லாத இடத்தில் சுடவே கூடாது.

அடுத்த கட்டத்துக்கு வருகிறேன். மகள் நன்றாகச் சுட்டால் மூன்று நான்கு வருடத்தில் பாயிண்ட் 22 ரைஃபிளுக்கு நகரலாம். பாரிஸில் 2024இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அந்த 50 மீட்டர் பிரிவில்தான். அது வெடிமருந்துத் தோட்டா. ஒரு மைலுக்கு மேல் பாயும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். அங்கேதான் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் முழு அளவில் உள்ளே வருகிறது. பொதுவாக லைசென்ஸ் வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயது வீரர்கள் விதிகளில் சொல்லியிருக்கும் வரம்புக்குள், பயிற்சியின் பகுதியாக, பெரியவர்களின் மேற்பார்வையில் சுடலாம். லைசென்ஸ் கேட்பவர் மாவட்டத்தில் கலெக்டரிடமோ மாநகரில் போலீஸ் கமிஷனரிடமோ விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரித்து அறிக்கை தரும். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி முடித்த சான்று, வீட்டில் பத்திரமாக வைக்கும் ஏற்பாடு ஆகியவை பற்றியும் 2016 விதிகள் பேசுகின்றன. ஆயுதச் சட்டத்தில் வந்த 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குச் செல்லும், முன்பு மூன்று வருடம். ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசிய அளவிலான தரவுத்தளத்தில் தனி எண் உண்டு.

அந்த 2019 திருத்தம்தான் சாதாரண உரிமதாரர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மசோதாவில் முதலில் ஒன்றுதான் என்று இருந்தது, எதிர்ப்பு வந்து இரண்டாயிற்று. கல்யாணம், திருவிழாக்களில் வானத்தை நோக்கிச் சுடும் பழக்கத்துக்கும் அதே திருத்தம் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று தண்டனை வைத்தது. அதன் பிறகு 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விளையாட்டு வீரர்களுக்குத் தனி அறிவிப்பு வெளியிட்டது. நீங்கள் படித்த பன்னிரண்டு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த எண்ணிக்கை சர்வதேசப் பதக்கம் வாங்கியவர்களுக்கும், இரண்டுக்கு மேற்பட்ட பிரிவுகளில் பெயர் பெற்ற வீரர் என்ற தகுதி உள்ளவர்களுக்கும் மட்டும். ஒரு பிரிவில் பெயர் பெற்றவருக்கு எட்டு, இரண்டு பிரிவுகளில் என்றால் பத்து. உங்கள் மகளைப் போல வளரும் வீரர்களுக்கு இரண்டுதான்.

எதற்கு இத்தனை என்றால், பிரிவுக்குப் பிரிவு துப்பாக்கி மாறுகிறது. 25 மீட்டர் பிஸ்டலில் விசை குறைந்தது ஒரு கிலோ எடை தாங்க வேண்டும், 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் அரை கிலோ. ஒன்றில் பழகிய துப்பாக்கியை மற்றதில் பயன்படுத்த முடியாது. பறக்கும் தட்டைச் சுடும் டிராப், ஸ்கீட் இரண்டுக்கும் வேறு வேறு ஷாட்கன். நம் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது டிராப். போட்டிக்கு நடுவில் பழுதானால் மாற்றாக இன்னொன்று கையில் இருக்க வேண்டும். தோட்டாக் கணக்கும் அப்படித்தான். பாயிண்ட் 22 தோட்டா ஆண்டுக்கு ஆயிரம் வாங்கலாம் என்று இருந்ததை ஐயாயிரம் ஆக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பயமாக இருக்கும் எண். ஒரு நாளைக்கு நூறு வீதம் வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி எடுக்கும் பெண்ணுக்கு அது பத்து வாரத்தில் தீர்ந்துவிடும்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிடப் போவதில்லை. சலுகை இருக்கும் இடத்தில் அதற்காகவே வருகிறவர்களும் இருப்பார்கள். கிளப்புக்கு வந்து உட்கார்ந்ததும் “மெம்பர் ஆனால் பிஸ்டல் லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்குமா சார்?” என்று முதல் கேள்வி கேட்பவர்களை வருடத்துக்குப் பலமுறை பார்க்கிறேன். நில விவகாரம், கொடுக்கல் வாங்கல், ஊரில் கெத்து என்று உள்ளே வேறு காரணம் இருக்கும். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஆறு மாதம் ஏர் பிஸ்டல் சுடுங்கள், பிறகு பேசலாம். பெரும்பாலோர் அடுத்த வாரம் வருவதில்லை. ஒரு கிளப்பின் சான்று என்பது அந்த மனிதரைப் பற்றி நாங்கள் ஊருக்குக் கொடுக்கும் வாக்கு. அதைப் பணத்துக்கோ பழக்கத்துக்கோ எழுதிக் கொடுப்பவர்கள் இந்த விளையாட்டுக்குச் செய்யும் கெடுதலை எந்தக் கடுமையான சட்டமும் செய்துவிடாது. எங்கள் ஆட்களில் சிலர் ஒவ்வொரு விதிக்கும் முணுமுணுப்பார்கள், வீரர்களை ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று. அந்தக் கட்சியில் நான் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஜெர்மனியில் வின்னெண்டன் என்று ஒரு சிறு நகரம். அங்கே 2009 மார்ச் 11 அன்று 17 வயதுப் பையன் ஒருவன் தான் முன்பு படித்த பள்ளிக்குள் புகுந்து சுட ஆரம்பித்தான். அன்று அவன் கையால் 15 பேர் இறந்தார்கள். துப்பாக்கி அவனுடையது இல்லை, அப்பாவுடையது. அப்பா துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினர், எல்லாவற்றுக்கும் முறையான உரிமம் வைத்திருந்தவர். அவரிடம் 15 துப்பாக்கிகள் இருந்தன. 14 இரும்புப் பெட்டகத்தில் பூட்டியிருந்தன. ஒரே ஒரு பிஸ்டல் படுக்கையறையில் பூட்டாமல் இருந்தது. மகன் எடுத்தது அதைத்தான். அலட்சியத்தால் உயிரிழப்புக்குக் காரணமானார் என்று நீதிமன்றம் அப்பாவைக் குற்றவாளி என்றது. அதன் பிறகு அந்த நாட்டில் உரிமதாரர் வீட்டுக்கு முன்னறிவிப்பின்றி வந்து, துப்பாக்கி எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று அதிகாரிகள் பார்க்கலாம் என்று சட்டம் மாறியது. எங்கள் பிள்ளைகளுக்கு நான் இந்தச் சம்பவத்தைத் தவறாமல் சொல்வேன். பதினைந்தில் பதினான்கைச் சரியாக வைத்த மனிதர் அவர்.

ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1996 மார்ச் 13 அன்று நடந்தது இதைவிடக் கொடியது. தொடக்கப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் உரிமத்தோடு கைத்துப்பாக்கிகள் வைத்திருந்தவன், துப்பாக்கி கிளப்புகளில் சுட்டவன். ஐந்து வருடத்துக்கு முன்பே அவனுடைய உரிமத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒரு போலீஸ் அதிகாரி எழுத்தில் தெரிவித்திருந்தார், நடவடிக்கை இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு 1997இல் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுவதும் தடை செய்தது, விளையாட்டு பிஸ்டலையும் சேர்த்து. லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012இல் சொந்த நாட்டில் பிஸ்டல் போட்டி நடத்தவே சிறப்பு அனுமதி வேண்டியிருந்தது. பிஸ்டல் சொல்லித்தருபவன் என்ற முறையில் அந்த வீரர்களின் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 16 வீடுகளில் ஒன்றுக்குப் போய் “என் விளையாட்டு பாதிக்கப்படுகிறது” என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நாடு அப்படி முடிவெடுத்ததைத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் விளையாட்டு இன்னும் உயிரோடு இருப்பது, கடுமையான சட்டத்துக்குள் எங்களுக்கென்று ஒரு சின்ன கதவைத் திறந்து வைத்திருப்பதால்தான். அந்தக் கதவை மூடாமல் வைத்திருக்கும் பொறுப்பு எங்களுடையது.

துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய வாக்குவாதங்களில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். வீட்டில் சுலபமாக எடுக்கக்கூடிய துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டில் தற்கொலை ஆபத்து கூடுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. துப்பாக்கியைக் காலியாக்கிப் பூட்டி, தோட்டாவைத் தனியே பூட்டி வைத்தால் குழந்தைகளுக்கு ஆபத்து குறைகிறது என்பதும் அப்படித்தான். ஆனால் ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு சட்டத்தை இறுக்கி, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதற்குப் பிறகு துப்பாக்கிச் சாவுகள் குறைந்தன, இது உண்மை. அந்தக் குறைவில் எவ்வளவு பங்கு இந்தச் சட்டத்தால் வந்தது, ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த போக்கின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் பார்த்த அளவில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நிதானமானவர்களாக ஆகிறார்கள். ஆனால் நிதானமான பிள்ளைகள்தான் இந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள் என்றும் அதையே திருப்பிச் சொல்லலாம். ஷூட்டிங் சேர்ந்தால் கோபம் குறையும் என்று யாராவது உங்களுக்கு உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம், நீங்கள் முதலில் கேட்டது அதுதான். என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ரைஃபிளைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன். தோட்டா வேறு பெட்டியில், வேறு அறையில். பெட்டிச் சாவி பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கும். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று ஆறேழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை போட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், முந்தின இரவு சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்து சட்டைப் பைகளைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது மூன்றாம் வகுப்புப் படித்த என் பையன் பல் தேய்த்துக்கொண்டே போய், படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்து “இந்தாங்கப்பா” என்று நீட்டினான். அன்றைக்குப் போட்டியில் நான் என்ன ஸ்கோர் எடுத்தேன் என்று நினைவில்லை. மறுநாளே எண் பூட்டு வாங்கினேன். அந்த எண் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, பிறந்த நாளோ வண்டி நம்பரோ இல்லை. பாயிண்ட் 22இல் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகமான போல்ட்டைக் கழற்றி இன்னொரு இடத்தில் பூட்டுகிறேன், போல்ட் இல்லாமல் ரைஃபிள் சுடாது.

ஏர் ரைஃபிளுக்கு இவ்வளவும் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் அதே முறையில் வையுங்கள். பீரோவின் மேலே, கட்டிலுக்கு அடியில், பரணில் என்று ஒளித்து வைப்பது பூட்டி வைப்பது ஆகாது. மகளிடம் சாவி இருக்கக் கூடாது, நன்றாகச் சுடுகிறாள் என்பதற்காகக்கூட. வெறும் விசைப் பழக்கம் வீட்டில் செய்ய வேண்டியிருந்தால் பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, நீங்களோ உங்கள் கணவரோ பக்கத்தில் இருக்க வேண்டும், குழல் வெளிச்சுவரைப் பார்த்திருக்க வேண்டும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது நாங்களும் செய்கிறோம். அதற்காக வெளியே எடுக்கும்போதும் ஃப்ளாக் செருகியபடி இருக்கட்டும். சொந்தக்காரப் பிள்ளைகள் ஆளாளுக்குத் தூக்கிக் கேமராவைக் குறிபார்த்துப் போட்டோ எடுப்பதை அனுமதிக்காதீர்கள். காலியான துப்பாக்கி என்ற நினைப்பில்தான் எங்கள் கூடத்துக் கண்ணாடி உடைந்தது.

தேர்தல் சமயத்தில் உரிமதாரர்களைத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டிகளில் பங்கேற்கும் ரைஃபிள் சங்க வீரர்களுக்கு அதில் விலக்கு உண்டு. இது பல வருடம் கழித்துத்தான் உங்களுக்குத் தேவைப்படும், இருந்தாலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அம்மா என்ற முறையில் உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று. இது தனியாக நின்று, தன்னோடு மட்டும் போராடும் விளையாட்டு. அரைப் புள்ளியில் தேர்வு தவறிப்போனால் பதினேழு பதினெட்டு வயதில் பிள்ளைகள் நொறுங்கிப்போகிறார்கள். என்னிடம் படித்த கல்லூரி மாணவர் ஒருவர், மாநில அணித் தேர்வில் தோற்ற பிறகு பேச்சைக் குறைத்தார், சாப்பாட்டைக் குறைத்தார், தன் கையுறையையும் ஜாக்கெட்டையும் ஜூனியர் பையன்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று மாலையே அவர் அப்பாவிடம் பேசி, வீட்டில் இருந்த அவருடைய துப்பாக்கியை எங்கள் கிளப் பெட்டகத்துக்குக் கொண்டுவரச் செய்தோம். மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். எட்டு மாதம் துப்பாக்கி எங்களிடமே இருந்தது. அவர் கோபப்பட்டார், என்னோடு பேசாமல்கூட இருந்தார். இப்போது நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சுடுகிறார். மகள் எப்போதாவது அப்படித் தளர்ந்து தெரிந்தால் விளையாட்டுச் சாமான் உட்பட எல்லாவற்றையும் வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள், அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் எந்த நேரமும் பேசலாம்.

முதல் நாள் மகளோடு நீங்களும் போங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பதக்கப் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுடாமல் மேசையில் கிடக்கும் ரைஃபிள்களில் ஆரஞ்சு இழை தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பிள்ளை குழலைத் தவறான பக்கம் திருப்பும்போது கோச் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பிறகு அவரிடம் போய், ராத்திரி இந்தத் துப்பாக்கிகள் எங்கே இருக்கும், சாவி யாரிடம், தோட்டாக் கணக்கை எழுதும் நோட்டைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். நோட்டை உடனே எடுத்துக் காட்டுபவரிடம் மகளைச் சேருங்கள். “அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்மா” என்று சொல்பவரிடம் வேண்டாம்.